பூட்டில்லாத கூலி

மண்வெட்டிக்காரருக்குச் சேர வேண்டிய தொகை பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அது முழுசாகக் குமாஸ்தாவின் கைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அதில் அவன் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கினான். கணினிக்குப் பெரிய திரை வாங்கினான். மிச்சத்தைக் கடைவாய்ப் பல்லுக்கு உறை போடச் செலவழித்தான். அதைக் கடன் என்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கைமாற்று என்றே மனசுக்குள் எழுதி வைத்திருந்தான். கொடுத்தவருக்கே தெரியாத கைமாற்று.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த நாற்காலியில் சாய்ந்து அந்தத் திரையை ஒளிரவிட்டபோது, இணைப்புப் பட்டியலில் ஒரு பெயருக்குப் பின்னால் எண் ஒன்று முளைத்திருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்புகள் ஏழெட்டு அந்தப் பட்டியலில் எப்போதும் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. ஒன்றுக்கு மட்டும் பூட்டில்லை. அதற்கு இங்கிலீஷ் எழுத்தில் நாலெழுத்துப் பெயர்: கே, யு, எல், ஐ. மூன்று மாதமாக வெறும் நாலெழுத்தாக இருந்தது. இன்றைக்கு அதன் பின்னால் 233.

அந்த இணைப்பு சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மண்வெட்டிக்காரருடையது. இணையக் கம்பி புதைப்பதற்குத் தெருத்தெருவாகப் பள்ளம் வெட்டுகிறவர் அவர். குமாஸ்தாவின் சொந்த இணைப்பைப் பணம் கட்டாததால் கம்பெனிக்காரன் துண்டித்துவிட்டுப் போன அன்றே அவன் பட்டியலைத் துழாவி இந்தப் பூட்டில்லாத பெயரைக் கண்டுபிடித்தான். பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். குளி. நாள் முழுக்க மண்ணில் கிடக்கிற ஆளுக்குப் பொருத்தமான பெயர்தான், யாரோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், அவர்தான் கேட்கவில்லை என்று மனைவியிடமும் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்த காலை நீட்டிக்கொண்டு, "குளிக்காதவன் வீட்டு நெட்டுலதான் குளிர் காயுறீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

குமாஸ்தா எதிலும் சட்டம் பார்க்கிறவன். வக்கீலிடம் பதினோரு வருஷமாகக் கட்டுத் தூக்குகிறான் அல்லவா. காலையில் அலுவலகம், மத்தியானத்துக்கு மேல் வீட்டிலிருந்தபடி கட்சிக்காரர்களின் மனுக்களை ஒவ்வொரு பக்கமாக இணையத்தில் ஏற்றுவது, இதுதான் அவன் பிழைப்பு. ஆகவே வக்கீலிடமே, யாரோ ஒருத்தர் கேட்கிறார் என்று ஆரம்பித்து, அடுத்தவர் பூட்டாமல் வைத்திருக்கிற இணைப்பைப் பயன்படுத்தினால் குற்றமா என்று கேட்டுப் பார்த்தான். வக்கீல் இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் நுழைந்தால் அது அத்துமீறல் இல்லையென்று ஆகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு அவர் சொன்ன ஒன்றைத்தான் குமாஸ்தா பிடித்துக்கொண்டான்.

"ஆனா புகார் குடுக்க ஒருத்தன் வரணும்ய்யா. வர்ற வரைக்கும் அது கேஸே இல்ல."

அது அவனுக்குப் போதுமாக இருந்தது. புகார் கொடுக்க வேண்டியவர் இனி எங்கேயும் வர முடியாத இடத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. மெயின் ரோட்டு முனையில் ஆளுயரப் பள்ளத்துக்குள் நின்று அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது பாரலாரி ஒன்று ஓரமாகப் போனது. பக்கச்சுவர் சரிந்தது. எடுத்தபோது மண்வெட்டியைப் பிடித்த பிடி விடாமல் இருந்தார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வேலைக்கே அவர் போயிருக்க வேண்டியதில்லை. பழைய பாக்கி கைக்கு வந்ததும் ஊருக்குப் போய்விடுவதாக இருந்தார். வரவில்லை, அதனால் அதே ஒப்பந்தக்காரரிடம் அடுத்த வேலைக்கும் இறங்கினார். பாக்கி வந்துவிட்டது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். குமாஸ்தா வக்கீலின் தாளில் எழுதி அனுப்பிய நோட்டீசுக்குப் பயந்து உறையில் போட்டுக் கொடுத்தனுப்பிய ஒப்பந்தக்காரர் ஒருத்தர். உறையை வாங்கிக் கையெழுத்துப் போட்ட குமாஸ்தா இன்னொருத்தன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் வந்து கேட்கும்போதெல்லாம் வாய்தா போட்டிருக்கிறார்கள் என்றான். வாய்தா என்றால் என்னவென்று கூட அந்த ஆளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது குமாஸ்தாவுக்கு ஏளனமாக இருந்ததே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

அதனால் திங்கட்கிழமை அந்த எண்ணைப் பார்த்ததும், எவனோ விளையாட்டுப் பயல் சுவருக்கு அந்தப் பக்கம் நெட்டுப் பொட்டியை நோண்டியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டு இணைத்துக்கொண்டான். இணைப்பு என்றைக்கும் இல்லாத வேகத்தில் இருந்தது.

மனுவின் மூன்றாம் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. வெயில் நிறைந்த மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, மின்விசிறியின் கிறீச்சுக்கும் கணினியின் இரைச்சலுக்கும் அடியில், தொலைவில், தரைக்குள், கனமான இரும்பு ஒன்று மெத்தென்ற எதிலோ இறங்கி, ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்று, எதையோ வழித்து அள்ளிக்கொண்டு வெளியே வருகிற சத்தம். எங்கோ குழாய் வேலை நடக்கிறது என்று நினைத்தான். வேலையை முடித்து இணைப்பைத் துண்டித்தான். சத்தமும் நின்றது. வேலைக்காரர்கள் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை எண் 180. அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. புதன்கிழமை 121. அன்றைக்கு வீட்டுக்குள் வாசனை ஒன்று வந்தது. மழை பெய்த மண்ணின் வாசனையை எல்லாரும் நல்ல வாசனை என்பார்கள், இது அதுவல்ல, வருஷக்கணக்காக வெளிச்சம் படாத மண்ணைப் புரட்டிப் போட்டால் வருகிற வாசனை, பழைய சாக்கடைக் கசிவும் அழுகிய வேரும் துருவும் கலந்தது, மேஜைக்கு அடியிலிருந்து முழங்கால் வழியாக ஏறி வந்து நாக்கில் உட்கார்ந்தது. குமாஸ்தா குனிந்து பார்த்தான். வெள்ளைத் தரைக்கல் பளபளவென்று இருந்தது. குனிந்தவாறே காதைக் கல்லில் வைத்தான். கல் குளிர்ந்திருந்தது. உள்ளே யாரோ உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்கள்.

சடாரென்று எழுந்ததில் தலை மேஜையில் இடித்தது. இணைப்பைத் துண்டித்தான். அமைதி. மறுபடி இணைத்தான். பக்கம் ஏற ஆரம்பித்ததும் இரும்பு மண்ணில் இறங்கியது. துண்டித்தான். அமைதி. அவன் இணையத்தை இழுக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் வெட்டு விழுந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னான். எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும், சொந்தமாக ஒரு இணைப்புக்குப் பணம் கட்டினால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும் என்றும் சொன்னாள். அவன் கட்டுகிறேன் என்றான். எதைத்தான் அவன் கட்டுகிறேன் என்று சொல்லாமல் இருந்தான்?

வியாழக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. மண்வெட்டிக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் நைந்த பை. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் டிக்கெட் அனுப்பிவிட்டாள், சாயங்காலம் கிளம்புகிறேன், சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றாள். குமாஸ்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் திரை எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய இணைப்பில்தான் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துத்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் பயந்தான்.

"தம்பி, அந்தக் கூலிப் பணம் ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா. வாய்தா போட்டிருக்காங்க."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "நீங்க படிச்சவரு, பொய்யா சொல்லப் போறீங்க" என்றாள். அதைச் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு பையைச் சரிசெய்து தோளில் மாட்டப் போனவள், கனமாக இருக்கிறது என்று கீழே வைத்து உள்ளிருந்து ஒன்றை எடுத்து மேலாக வைத்தாள். இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பொட்டி. கம்பியை அதன் இடுப்பில் சுற்றி ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள்.

"இது... நெட்டுப் பொட்டிதானே?" என்றான் குமாஸ்தா.

ஆமாம், போகிற வழியில் கம்பெனியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். பாக்கிக் கூலியைக் கேட்டபோது, அது வருகிற வரைக்கும் மகளோடு பேச வைத்துக்கொள் என்று ஒப்பந்தக்காரர் இலவசமாக மாட்டிக் கொடுத்த பொட்டி அது. பெயர் என்ன வைக்க என்று மாட்ட வந்தவன் கேட்டானாம். அத்தனை நாள் வெட்டியதற்கு இதுதானே கிடைத்தது, கூலி என்றே வை என்று சொன்னாராம். பூட்டு வேண்டுமா என்று கேட்டதற்கு, நம்ம வீட்டுக்கே பூட்டில்லை என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் லேசாகச் சிரித்தாள்.

"எப்பம்மா கழட்டினீங்க?"

"கரண்ட்டக் கட் பண்ணியே எட்டு நாள் ஆச்சு தம்பி. அன்னைக்கே கழட்டிட்டேன்."

குமாஸ்தா திரும்பித் திரையைப் பார்த்தான். கே, யு, எல், ஐ. இணைப்பின் பலம் முழுக்கோடு. பக்கத்தில் 64.

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வதற்கு அவனுக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. அவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள், பையைத் தோளில் போட்டாள், வாசற்படியில் இறங்கினாள், செருப்பைத் தேடிப் போட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு தம்பி. நீ அலையாத, குமாஸ்தா குடுக்காட்டி நானே போய் வாங்கிக்கிறேன்னு."

ஒப்பந்தக்காரர் என்று அவள் சொல்லவில்லை. குமாஸ்தா என்று சொன்னாள். அவள் தெரு முனை திரும்பிய பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது.

இரவு முழுக்கக் கட்டிலில் புரண்டான். அந்த நோட்டீசைத் தன் கையால் எழுதியவன் அவன்தான். இருநூற்று முப்பத்து மூன்று அடி நீளப் பள்ளம், அடிக்கு எண்பது வீதம், ஆக மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கூலி கொடுக்காத ஒவ்வொரு அடியையும் அந்த ஆள் திருப்பி வெட்டிக்கொண்டு வருகிறார். எங்கிருந்து என்பதையும் அவன் யோசித்தான். காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில், மெயின் ரோட்டு முனையில் தார் பூசி மூடியிருந்த இடத்திலிருந்து தன் வீட்டு மேஜை வரைக்கும் கால் வைத்து அளந்தான். அளவு சரியாக வந்தது. மறுபடி அளக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இனி அந்த இணைப்பைத் தொடவே கூடாது. அவ்வளவுதான், சத்தம் அறுபத்து நாலு அடி தள்ளி அப்படியே நின்றுவிடும். இந்த முடிவோடு அவன் பல் தேய்த்தான். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வக்கீல் போனில் கூப்பிட்டார். மேல்முறையீடு ஒன்று, ஐம்பத்திரண்டு பக்கம், இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வெளியூர் கோர்ட்டுக்குப் போய்விடுவார், அலுவலகம் பூட்டு. கட்டு நேற்றே குமாஸ்தாவின் கையில் இருந்தது. போன மாதம் இதேபோல ஒன்றை அவன் தவறவிட்டிருந்தான். அதை ஞாபகப்படுத்திவிட்டு, இதுவும் தவறினால் திங்கட்கிழமை நீ வர வேண்டியதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஜாரில் கணினிக் கடை இருந்தது. பக்கத்துக்கு ஆறு கேட்பான். ஐம்பத்திரண்டு பக்கத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. குமாஸ்தா இந்தக் கணக்கைப் போட்டான். பிறகு இன்னொரு கணக்கையும் போட்டான். மூன்று நாளாக அவன் ஏற்றிய பக்கங்களையும் குறைந்த அடிகளையும் ஒப்பிட்டால், பக்கத்துக்கு ஒரு அடி, பிசகில்லை. அறுபத்து நாலில் ஐம்பத்திரண்டு போனால் பன்னிரண்டு மிச்சம். பன்னிரண்டு அடி என்பது அடுத்த வீட்டுக் குளியலறையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் அந்தப் பெயரைத் தொட வேண்டாம். தரைக்கு அடியில் பிணம் ஒன்று தன்னை நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறது என்பதைப் பாதிக்கு மேல் நம்பிவிட்ட ஒருத்தன், முந்நூற்றுப் பன்னிரண்டு செலவழிக்க மனசில்லாமல் அதற்கு ஐம்பத்திரண்டு அடி இடம் ஒதுக்கிக் கொடுத்தான். இப்படிப்பட்டவனுக்குத்தான் பயமும் வருகிறது, பாருங்கள்.

மனைவி வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வெட்டு. பத்தாம் பக்கத்தில் சத்தம் தெருவிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு வந்தது. முப்பதாம் பக்கத்தில் அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டன. வாசனை அறை முழுக்கப் பரவி, சட்டையில், விரலில், வாய்க்குள் இருந்த பல் உறைக்கு அடியில் கூட மண் இருப்பதுபோல் நரநரத்தது. அவன் திரையைத் தவிர எங்கும் பார்க்கவில்லை. நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு.

12 என்று நின்றது. துண்டித்தான். சத்தம் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. வக்கீல்.

"இணைப்பு எங்கய்யா?"

குமாஸ்தா சட்டென்று திரையைப் பார்த்தான். "எந்த இணைப்புங்க ஐயா? நான்... யாரோட இணைப்பும்..."

"மனுவோட இணைப்புய்யா. பின்னால சேர்க்கிற கடுதாசிங்க. பன்னெண்டு பக்கம் ஏத்தவே இல்ல. அது இல்லாம நிக்காது."

பன்னிரண்டு பக்கம். கட்டின் அடியில், கிளிப்புப் போட்டுத் தனியாக இருந்தது. அவன் எண்ண மறந்த பன்னிரண்டு.

தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்காகக் கதவைத் திறந்தான். மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டு முனையிலிருந்து தெருவின் நடு வழியாக, ஒரு மண்வெட்டி அகலத்துக்கு, நூல் பிடித்தாற்போல நேராகத் தரை தாழ்ந்திருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டில் மட்டும் தேங்கி நின்றது. அவனுடைய வாசற்படியின் முன்னால் கிடந்து, அடுத்த வீட்டு வாசலுக்கு வளைந்து, உள்ளே போய் மறைந்தது. தாண்டிப் போக வேண்டும். ஒரே எட்டுதான். கால் எழவில்லை.

அப்போதுதான் அந்த நாலெழுத்தை அவன் சரியாகப் படித்தான். குளியும் இல்லை. கூலியும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் எல்லாமே ஒன்றுதான்.

குழி.

கதவைச் சாத்தினான். நாலரை மணி. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் மனைவி போவாள், அதை அவள் மறைத்ததும் இல்லை. பதினோரு பக்கம் ஏற்றலாம். கடைசிப் பக்கம் வெறும் கையெழுத்து. அதைத் திங்கட்கிழமை நேரில் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு அடி மிச்சமிருக்கும். ஒரு அடி போதும்.

இணைத்தான்.

பதினொன்று. பத்து. வெட்டு சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்தது. ஒன்பது. எட்டு. உள்ளங்காலில் அதிர்ந்தது. ஏழு. ஆறு. மூச்சு வாங்கும் சத்தம், அவனுடையதல்ல. ஐந்து. நாலு. மூன்று. இரண்டு.

ஒன்று.

துண்டித்தான். கணினியின் மின்கம்பியையே பிடுங்கினான். திரை இருண்டது.

அமைதி. மழை. மின்விசிறி.

முதலில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, அவன் சுபாவம் அவனை விடுமா, ஏளனம் வந்தது. நாற்காலியில் அமர்ந்தபடி தரையைப் பார்த்துக் குனிந்தான். உயிரோடு இருந்தபோது அந்த ஆளிடம் பேசிய அதே குரலில் பேசினான்.

"ஒரு அடி பாக்கிய்யா. இப்ப என்ன பண்ணுவ? இனி வாய்தாவே கிடையாது. கேஸ் முடிஞ்சுது."

அவன் மறுபடியும் சிரிக்கப் போனான்.

சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

போன். மூன்று மாதமாக அதுவும் அதே இணைப்பில்தான். தானாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துண்டிக்கவே இல்லை. மனைவி குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். அது இறங்கிக்கொண்டிருந்தது. அவன் விரல் அழுத்த வேண்டிய இடத்தைத் தேடியது. வழுக்கியது. இறங்கி முடிந்தது. தானாகவே பாடியது.

"மழையா இருக்கு. இன்னைக்கு நான் சீக்கிரமே வந்துடறேன்."

கீழே ஒரே ஒரு வெட்டு.

நாற்காலியின் சக்கரம் ஒன்று இறங்கியது. தரைக்கல் சத்தமில்லாமல் மூடிபோலத் திறந்து சாய்ந்தது. உள்ளே பள்ளம். பக்கங்கள் செதுக்கியதுபோல நேராக இருந்தன, ஒரு வேர்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நல்ல வேலைக்காரர் வெட்டியது. அதற்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகு காட்டி. தலையில் முண்டாசு, முண்டாசுக்குள் மண், காதுக்குள் மண். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். திரும்பவில்லை. சனிக்கிழமைக் கூலிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுபோல, குனிந்த தலையோடு, கையை மட்டும் பின்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

குமாஸ்தா பணப்பையை வைத்தான். கை மூடவில்லை.

மோதிரத்தைக் கழற்றி வைத்தான். கை மூடவில்லை.

கடிகாரம். போன். கட்டிலிருந்து கிழித்த தாளில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தான். கை எல்லாவற்றையும் சாய்த்துக் கீழே கொட்டிவிட்டு மறுபடி நீண்டது. பொறுமையாக.

தள்ளிவிடலாம் என்று தன் கையை அதன் மேல் வைத்தான்.

மூடிக்கொண்டது.

வெளியே கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது அவன் மல்லாந்து கிடந்தான். மண் கழுத்து வரைக்கும் இறுகியிருந்தது. வாயிலும் இருந்தது. முகத்துக்கு ஒரு சாண் மேலே தரைக்கல், ஒழுங்காக, திரும்ப வைத்த கல். இரண்டு கல்லுக்கு நடுவே முடியளவு இடைவெளி. அதன் வழியாகக் கோடாக வெளிச்சம். கோட்டின் மேல் மனைவியின் செருப்பு வந்து நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையைத் தட்டினாள். எங்கே போய்த் தொலைந்தாரோ என்று சொல்லிக்கொண்டே ஈரத் தலையைத் துவட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இடைவெளி வழியாக அவன் நெற்றியில் விழுந்தது.

அவன் கத்தினான். மண் அதை மென்றது.

பக்கத்தில், தோளோடு தோளாக, யாரோ ஒருக்களித்துப் படுத்தார்கள். முடிச்சுப் போட்ட அளவுக் கயிறு அவன் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை ஊர்ந்தது, பிறகு தளர்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"கணக்கு நேராச்சு."

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதில் அதோடு பாக்கி எதுவும் இல்லை. கடைசி வேலை ஒன்று மட்டும் இருந்தது. குழைத்த வெள்ளைச் சிமெண்டை ஒரு கட்டைவிரல் அள்ளியது. வெளிச்சக் கோட்டின் அந்த முனையில் வைத்து அழுத்தியது. பிசிறில்லாமல், அவசரமில்லாமல், இந்த முனையை நோக்கித் தேய்த்துக்கொண்டு வந்தது. ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல். ஒரு கடுகு.